நட்சத்திரத்துக்குச் செல்லப்பெயர் வைக்காதீர்கள்

மதுரையில் நம் கம்பெனியின் புதிய நட்சத்திர அறை திறக்கப்போகிறது, அதில் சேரும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகிக் கொல்கத்தா வந்து லேக் கார்டன்ஸில் குடியேறினோம். சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இருக்கும் நம் அலுவலகத்தில் இன்சூரன்ஸ் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு நட்சத்திர அறை தொடங்கினார்கள். நாள் முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறவர்கள் வேண்டும் என்று என்னையும் அங்கே மாற்றினார்கள். திரையைப் பார்த்தது போதும் என்று கண் டாக்டர் சொல்லும்வரை அங்கேதான் இருந்தேன்.

வேலை என்னவென்று பயிற்சியில் விரிவாகச் சொல்வார்கள். நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் விடாமல் அளந்து அனுப்புகிறது. நமக்கு அது திரையில் ஒரு புள்ளிக்கோடாக வரும். அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் ஒன்று அதற்கும் நமக்கும் குறுக்கே போனால் வெளிச்சம் ஒரு துளி குறையும். கோட்டில் சின்னப் பள்ளம் விழும். கிரகம் ஒரு சுற்று முடித்து வந்தால் மறுபடியும் அதே போல ஒரு பள்ளம். கணினி சலித்துத் தருவதை நாம் கண்ணால் பார்த்து ‘ஆம்’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே நட்சத்திரத்தை அறையில் உள்ள எல்லோரும் தனித்தனியாகப் பார்ப்போம். பக்கத்தில் இருப்பவர் எதை அழுத்தினார் என்று நமக்குத் தெரியாது. பத்துப் பேர் கலந்து பேசாமல் ஒரே இடத்தில் பள்ளத்தைக் கண்டால்தான் அதற்கு மதிப்பு. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா முதல் நாளே கறாராகச் சொன்னார்: “இந்த அறைக்குள் எந்த நட்சத்திரத்தைப் பற்றியும் யாரும் பேசக் கூடாது.”

நாங்கள் அறைக்குள் பேசவே இல்லை. ஆனால் டீக்கடை அறைக்குள் இல்லையே!

கொல்கத்தாவில் ‘அட்டா’ என்று ஒன்று உண்டு. நான்கு பேர் கூடி, ஒரு காரியமும் இல்லாமல், உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசுவது. மண் குவளையில் டீ இருந்தால் போதும், கால்பந்தில் தொடங்கி, இலிஷ் மீனின் விலைக்கு வந்து, கட்சிகளைத் திட்டி முடிப்பார்கள். எங்கள் ஆட்களிடம் அட்டா வேண்டாம் என்பதும் மூச்சு விட வேண்டாம் என்பதும் ஒன்றுதான். நான் மட்டும் கீழே போக மாட்டேன். கூச்சம். ஜன்னலோரம் உட்கார்ந்து என் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

அறைத் தலைவர் தேபு. எங்களுக்கு தேபுதா. அங்கே அண்ணனை ‘தாதா’ என்பார்கள், பெயரோடு சேர்த்தால் ‘தா’ என்று சுருங்கும். அக்காவுக்கு ‘தி’. நான் ராஜிதி. பேச்செல்லாம் வங்காளத்தில்தான் நடக்கும். என் மனசுக்குள் அது நம் வீட்டுத் தமிழாகவே மாறிவிடுவதால் அப்படியே எழுதுகிறேன்.

தேபுதாவுக்கு அந்த வருடம் போதாத காலம். எங்கள் அறையிலிருந்து அதற்கு முன்பு வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பிய நட்சத்திரங்கள் எல்லாமே பொய்யாகிவிட்டன. அங்கே கிரகம் இல்லை, இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தன. அவர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்: பெரிய தொலைநோக்கியில் நேரம் கிடைப்பது கடினம், இந்த முறை உங்கள் அறையிலிருந்து ஒரே ஒரு நட்சத்திரத்தை அனுப்புங்கள், அதுவும் சரியாக வராவிட்டால் இந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிந்தால் நாங்கள் எல்லோரும் மறுபடி இன்சூரன்ஸ் படிவத்துக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் புச்கி வந்தாள்.

வங்காளத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. பெரிய அதிகாரியாக இருப்பார், அம்மா அவரைக் ‘கோக்கா’, அதாவது குட்டிப்பையா என்று கூப்பிடுவாள். எங்கள் அறையில் மிதாலி என்று ஒரு பெண் இருந்தாள். வாயாடி, நல்ல மனசு. எங்களுக்கெல்லாம் முன்பே தன் திரைக்கு வந்த ஒரு நட்சத்திரத்தில் அவள் பள்ளத்தைப் பார்த்திருக்கிறாள். நட்சத்திரத்துக்கு இருந்தது நீளமான எண் மட்டும்தான். பாவம், ஒரு வீட்டுப் பெயர்கூட இல்லையே என்று அவளே அதற்குப் ‘புச்கி’ என்று வைத்துவிட்டாள். குட்டிப்பொண்ணு என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு ஜன்னலிலிருந்து நான் பார்த்தது வேறு. கீழே டீக்கடையில் மிதாலி நின்று பேசிக்கொண்டிருந்தாள். வலது கையை நீட்டி, நேராகக் கொண்டுபோய், லேசாகக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி, நேராகக் கொண்டுபோனாள். படகு ஒரு சின்ன அலையில் இறங்கி ஏறுகிற மாதிரி. எதிரில் நின்ற எங்கள் அறைப் பையன் பிஷுவும் அதே மாதிரி கையை இறக்கி ஏற்றினான். அடுத்த நாள் கணக்குப் பிரிவிலிருந்து டீ குடிக்க வந்தவர்கள்கூடக் கையை இறக்கி ஏற்றினார்கள். புதுசாக ஏதோ நடனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வாரம் அந்த நட்சத்திரம் எங்கள் எல்லோர் திரைக்கும் வந்தது. எனக்குக் கோட்டில் பள்ளம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ‘தெரியாது’ என்று அழுத்தினேன்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் வந்தது. மாலை ஆறு மணிக்குள் நட்சத்திரத்தின் எண் விஞ்ஞானிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் அவர்கள் பார்ப்பதற்குள் அந்த நட்சத்திரம் சூரியனுக்குப் பின்பக்கம் போய்விடும், மறுபடி பார்க்க அடுத்த வருடம்தான். அதுவரை எங்கள் அறை இருக்குமோ என்னவோ. மதியம் தேபுதா எல்லோரையும் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்தது. குளிர் முடியப்போகிறது, புது வெல்லத்தில் செய்யும் சந்தேஷ் இனிப்பு இனி கிடைக்காது என்று முன்கூட்டியே வாங்கி வந்துவிட்டார்.

“எல்லாரும் ஆம். எல்லாரும்! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நட்சத்திரம் நமக்கு வந்ததே இல்ல” என்றார். முகம் பூராவும் சிரிப்பு. “ஒரே ஒருத்தர் மட்டும் ‘தெரியாது’. அது யாருன்னு நான் கேக்க மாட்டேன்.”

கேட்கவில்லைதான். ஆனால் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். அந்தப் பொத்தானை வேறு யாரும் அழுத்துவதில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு ‘தெரியாது’ யாரையும் தடுக்காது. தேபுதா எண்ணை அனுப்பியிருப்பார், சந்தேஷ் சாப்பிட்டிருப்போம். ஆனால் மிதாலி பூரிப்பில் பிஷுவிடம் திரும்பி, கையை இறக்கி ஏற்றிக் காட்டினாள். அந்த நடனம் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் எல்லோரும் புச்கியின் பள்ளத்தைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே மிதாலியின் கையில் பார்த்துவிட்டார்கள்.

“தேபுதா” என்றேன்.

“சொல்லுங்க ராஜிதி.”

வங்காளத்தில் எனக்கு நீளமாகப் பேச வராது. அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. கையை நீட்டி, இறக்கி, ஏற்றிக் காட்டினேன். “இது... டீக்கடையில... எல்லாரும்.”

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தேபுதாவின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

“மிதாலி, நீ கீழ போய் சொன்னியா?”

“அறைக்குள்ள சொல்லலையே!” என்றாள் மிதாலி.

“யார்கிட்ட சொன்ன?”

“பிஷுகிட்ட மட்டும்.”

“பிஷு?”

“எங்க டேபிள்ல மட்டும்தான் சொன்னேன், தேபுதா.”

“டீக்கடையில ஏதுடா டேபிள்? ஒரே ஒரு பெஞ்சு. அதுல ஊரே உக்காந்திருக்கும்!”

மிதாலி என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. “புச்கி மேல உங்களுக்கு என்ன கோபம், ராஜிதி?”

“கோபம் இல்லம்மா. அங்க ஒரு கிரகம் இருந்தா நல்லா இருக்கும்னுதான் எனக்கும் ஆசையா இருக்கு. பேரு வேற வச்சுட்ட. பேரு வச்சதுக்கப்புறம் இல்லைன்னு யாருக்குச் சொல்ல மனசு வரும்? அதான் பயமா இருக்கு.”

தேபுதா பெட்டியின் மூடியைச் சாத்தினார். சந்தேஷைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு என் மேல் எரிச்சல் வந்திருந்தால் நியாயம்தான். அனுப்பினால் பொய்யாகிவிடுமோ என்று ஒரு பயம். அனுப்பாவிட்டால் கையில் இருந்த ஒரே நட்சத்திரமும் போய்விடும். இரண்டு பக்கமும் அவர் தலைதான் உருளும். ஜன்னல் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

“இந்த நட்சத்திரத்தோட புதுப் பதிவு நேத்து வந்திருக்கு” என்றார். “யாரும் இன்னும் திறக்கல. அதை வேற நட்சத்திரங்களோட கலந்து உங்களுக்கு அனுப்பறேன். எண் இருக்காது. கோட்டை இழுத்துச் சுருக்கி, இடவலமா மாத்தி வைப்பேன். சிலதுல பொய்ப் பள்ளமும் போடுவேன். எது புச்கின்னு எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் மறுபடி பாக்கணும்.”

“தேபுதா, நீங்க இங்க இருக்கக் கூடாது” என்றான் பிஷு.

“ஏன்?”

“உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுடும்.”

அது உண்மை. அந்த மனிதருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. பிறந்தநாள் பரிசு வாங்கி ஒளித்து வைத்தால்கூடச் சாயங்காலத்துக்குள் அவர் மனைவி கண்டுபிடித்துவிடுவாராம். எனவே கலக்கி அனுப்பிய பிறகு அவரைத் தண்ணீர் சுடவைக்கும் சின்ன அறைக்குள் போய் உட்காரச் சொன்னோம். போகும்போது ஒரே ஒரு கட்டளை போட்டார்: “யாரும் பேசக் கூடாது. கையும் அசையக் கூடாது. யாரும் கீழ போகக் கூடாது!”

பிள்ளைகளே, நீங்கள் கொல்கத்தாக்காரர்களைப் பார்த்ததில்லை. அந்தக் கட்டளையின் கொடுமை உங்களுக்குப் புரியாது. அந்த அறையில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பிஷு வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டான். ஒருவர் தும்மினார், பக்கத்தில் இருந்தவர் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று சந்தேகமாகப் பார்த்தார். மிதாலி, பொத்தானை அழுத்தாத நேரமெல்லாம், தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

டீக்கடை நிமாய்தாவுக்குத்தான் தாங்கவில்லை. டீ நேரம் தாண்டியும் ஒருவர்கூட இறங்கி வரவில்லை. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அவரே மாடிக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

“யாரு போயிட்டாங்க?” என்றார் மெதுவாக.

பிஷுவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். நிமாய்தா அதை அழுகை என்று நினைத்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். “என்ன பண்றது தம்பி, எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான்.”

அறை மொத்தமும் குலுங்கியது. சின்ன அறைக்குள்ளிருந்து தேபுதாவின் குரல் கேட்டது: “யாரது பேசறது? பேசாதே!”

நிமாய்தா இறந்தவர்தான் பேசுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, கெட்டிலை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் எப்படிப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மனசுக்குள் ஒரு எண்ணம் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. இத்தனை பேருடைய சந்தோஷத்தை நிறுத்திவிட்டேன், இப்போது புச்கியில் கிரகம் இல்லை என்று வந்தால்தான் என் பேச்சுக்கு மரியாதை. அந்த எண்ணம் மிதாலியின் ஆசையைவிட மோசமானது. அவளாவது ஒரு கிரகம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நான் ஒரு கிரகம் இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கியிருந்தேன். எழுந்து போய் முகம் கழுவி வந்தேன். பிறகு ஒவ்வொரு கோட்டையும் அதை மட்டுமே பார்த்தேன். சிலது இல்லை. சிலது தெரியாது. ஒன்றே ஒன்றில் பள்ளங்கள் சுத்தமாக, சம இடைவெளியில், ஒரே ஆழத்தில் விழுந்திருந்தன. பார்த்ததும் மனசு லேசாகியது. ‘ஆம்’ என்று அழுத்தினேன். தேபுதா போட்ட பொய்ப் பள்ளமாக இருந்தாலும் இருக்கட்டும், எனக்குத் தெரிந்தது இதுதான்.

வெளிச்சம் மங்குவதற்குள் எல்லோரும் முடித்தோம். தேபுதா வெளியே வந்தார். உள்ளே புழுக்கத்தில் சட்டை நனைந்திருந்தது. தன் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாரும் முன்னால் போகவில்லை. ஆனால் அவருடைய காது சிவந்துகொண்டே வந்தது.

“சரி” என்றார் திரும்பாமலே. “பொய்ப் பள்ளத்தையெல்லாம் நல்லாவே பிடிச்சு ‘இல்லை’ போட்டிருக்கீங்க. புச்கிக்கு இந்தத் தடவை சில பேர் ‘தெரியாது’ போட்டிருக்கீங்க. ஆனா நிறைய பேர் ஆம். அது புச்கின்னு தெரியாமலே ஆம்.”

பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“முதல்ல ஆம் போட்டது யார்னு சொல்லவா? ராஜிதி.”

ஒரு கணம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. மனசை லேசாக்கிய அந்தக் கோடுதான் புச்கி!

“ராஜிதி, நீங்களே கட்சி மாறிட்டீங்களா!” என்று பிஷு கத்தினான். அதுவரை அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. என்னைச் சுற்றி நின்று கூச்சல் போட்டார்கள். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் நினைத்தது பலிக்காமல் போனதில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

“மிதாலி என்ன போட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

தேபுதா பார்த்தார். இரண்டாவது முறை பார்த்தார். “தெரியாது” என்றார்.

“ஐயையோ, பெத்தவளுக்கே அடையாளம் தெரியல!” என்றான் பிஷு. மிதாலி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எண் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. மதியம் போட்ட ஆம்களை அனுப்பவில்லை, சாயங்காலம் போட்டதை மட்டும்தான் தேபுதா அனுப்பினார். ‘தெரியாது’ என்றவர்களையும் மறைக்காமல் எழுதினார். சந்தேஷ் அன்றைக்கே தீர்ந்தது.

பதில் வர மழைக்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு விடியலிலிருந்தே கொட்டியது. செக்டர் ஃபைவில் மழை என்றால் தெருவெல்லாம் ஏரிதான். அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது தேபுதா, மிதாலி, நான், மூன்றே பேர். முழங்கால் வரை நனைந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது தேபுதா கணினியைத் திறந்தார். திறந்தவர் எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உரக்கப் படிக்கச் சொன்னோம். இருக்கிறது. பெரிய தொலைநோக்கியில் பார்த்துக் கிரகம்தான் என்று உறுதி செய்துவிட்டார்கள். நம் பூமியைவிடப் பெரிது, தன் நட்சத்திரத்துக்கு மிகவும் பக்கத்தில், கொதிக்கக் கொதிக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்ல அறையில் ஆளே இல்லை. பிஷுவுக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. மிதாலிக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாள். கீழே முட்டளவு தண்ணீரில் ஒருவர் நின்றுபோன ஆட்டோவைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“தாதா! ஓ தாதா! நாங்க ஒரு கிரகம் கண்டுபிடிச்சிருக்கோம்!”

அவர் தலையைத் தூக்கினார். “எங்க?”

“ரொம்ப தூரத்துல! வேற நட்சத்திரத்துல!”

அவர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “அங்க தண்ணி நிக்குதா?”

“இல்ல! ஒரு சொட்டுகூட நிக்காது! அவ்வளவு சூடு!”

“அப்ப நல்ல இடம்தான். நான் அங்கயே போய் ஓட்டிக்கறேன். போறதுக்கு முன்னாடி இந்த வண்டியை மேட்டுக்கு ஏத்தணும், யாராவது கை குடுங்க!”

தேபுதா பேன்ட்டைச் சுருட்டினார். நான் புடவையை இழுத்துச் செருகினேன். மூன்று பேரும் இறங்கிப் போய்த் தள்ளினோம். தள்ளிக்கொண்டே மிதாலி அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினாள், ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையை மழையில் நீட்டி, இறக்கி, ஏற்றி. இந்த முறை அவளை யாரும் தடுக்கவில்லை.